உக்ரேனியரின் ஊர் வாழ்க்கை

ஒரு நாட்டின் கோயில்களும் கோட்டைகளும் அதனை ஆண்டவர்களைப் பற்றிச் சொல்லும். அந்நாட்டு மக்களை அறிய வேண்டுமானால், அவர்கள் அண்டை வீட்டாரோடு எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கீவ் நகரில் பதினோராம் நூற்றாண்டில் எழுந்த புனித சோபியா பேராலயத்தை நாமும் கண்டோம். அதன் அழகில் ஈடுபட்டோம். ஆயினும், 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பொல்தாவா வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் விருந்தினராகத் தங்கிய சில நாட்களே உக்ரேனிய மக்களை நமக்கு அறிமுகம் செய்து வைத்தன.

தினீப்பர் ஆற்றுக்குக் கிழக்கே விரிந்த கருமண் சமவெளி அது. கோதுமையும் சூரியகாந்தியும் செழித்து விளையும் பூமி. சுண்ணாம்பு பூசிய வீடுகள், வேலியோரம் பூச்செடிகள், வாசலில் ஒரு மரப்பலகை. நம் ஊர்த் திண்ணை செய்யும் பணியை அங்கே அந்தப் பலகை செய்கிறது. மாலை வேளையில் பாட்டிமார் அதில் அமர்ந்து ஊர்ச் செய்திகளைப் பேசுகிறார்கள். அவ்வழியே செல்பவர் வணக்கம் சொல்லாமல் போனால் அதுவும் ஒரு செய்தியாகிவிடும்!

சிறப்பு விருந்தினரை வரவேற்கும் முறை நம் மனத்தைக் கவர்ந்தது. பூவேலை செய்த ‘ருஷ்னிக்’ என்னும் நீண்ட துண்டின்மீது ரொட்டியும், சிறு கிண்ணத்தில் உப்பும் வைத்து இரு கைகளாலும் நீட்டுகிறார்கள். ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, உப்பில் தொட்டு உண்ண வேண்டும். உப்பிட்டவரை மறவாதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு, இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்களுடைய ஊர் வாழ்க்கையின் உயிர்நாடி ‘தொலோகா’ என்னும் வழக்கம். ஒரு குடும்பம் தனியாகச் செய்து முடிக்க இயலாத வேலையை ஊரார் ஒன்றுகூடிச் செய்து கொடுப்பதே தொலோகா. முற்காலத்தில் வீடு கட்டுவோர் அண்டை அயலாரை முன்கூட்டியே அழைத்துவிடுவர். குறித்த நாளில் அனைவரும் வந்து, களிமண்ணையும் வைக்கோலையும் நீர்விட்டுக் காலால் மிதித்துப் பதமாக்கிச் சுவர் எழுப்புவர். கூலி கிடையாது. வீட்டுக்காரர் வயிறார உணவளிப்பார். வேலை முடிந்தபின் பாட்டும் உண்டு. இன்று உதவி பெற்றவர் நாளை மற்றவர் வீட்டு வேலைக்குச் செல்ல வேண்டும். மொய் எழுதுவது போல ஏடு எதுவும் இல்லை. கணக்கு நினைவிலேதான் இருக்கிறது.

நாம் கண்டது உருளைக்கிழங்கு தோண்டும் நாள். தோட்டத்துக்கு உரியவர் தனித்து வாழும் ஒரு மூதாட்டி. அண்டை வீட்டார் மண்வெட்டியும் வாளியுமாக வந்தனர். ஆடவர் மண்ணைப் புரட்ட, பெண்டிரும் சிறுவரும் கிழங்கைப் பொறுக்கினர். நண்பகலுக்குள் வேலை முடிந்தது. பிறகு நீண்ட மேசையில் பீட்ரூட் கிழங்கால் சிவந்த ‘போர்ஷ்’ என்னும் சூப்பும், சோமாசி உருவில் செய்து நீரில் வேகவைத்த ‘வரேனிகி’யும் வந்தன. மூதாட்டி உட்காரவே இல்லை. பரிமாறுவது தம் உரிமை என்பது போல் நின்றுகொண்டிருந்தார்.

திருமணத்திலும் இந்தக் கூட்டுறவையே காண்கிறோம். ‘கொரொவாய்’ என்னும் மண ரொட்டியை மரபுப்படி ஒருவர் தனியே சுடுவதில்லை. இல்லறம் இனிது நடத்தும் மகளிர் பலர் கூடி, பாடிக்கொண்டே மாவு பிசைகின்றனர். மாவினாலேயே பறவைகளும் பூக்களும் செய்து அதன்மேல் பதிக்கின்றனர்.

ரொட்டிக்கு இத்துணை மதிப்பு ஏன்? அதற்குத் துயரமான காரணமும் உண்டு. 1932, 1933-ஆம் ஆண்டுகளில் ஸ்டாலின் அரசு இந்தச் செழிப்பான பூமியின் தானியத்தைப் பறித்துச் சென்றது. பல இலட்சம் மக்கள் பட்டினியால் மாண்டனர். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் நான்காம் சனிக்கிழமை மாலையில், மாண்டோர் நினைவாகச் சன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அந்த நினைவுள்ள வீட்டில் ரொட்டித் துணுக்கும் வீணாவதில்லை.

இவ்வாழ்வில் குறையே இல்லை என்று சொல்லமாட்டோம். இளைஞர் பலர் வேலை தேடி நகரங்களுக்கும் போலந்து நாட்டுக்கும் சென்றுவிட, பூட்டிய வீடுகளையும் நாம் கண்டோம். ஊர் ஒற்றுமை முதியோருடன் மறைந்துவிடுமோ என்னும் ஐயமும் எழுந்தது.

அந்த ஐயத்திற்கு விடை கொடியதொரு வழியில் வந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் முழு அளவில் படையெடுத்தன. கார்கிவ் நகரில் குடிமக்கள் சுரங்க ரயில் நிலையங்களில் தஞ்சம் புகுந்தனர். அங்கே மருத்துவம் பயின்ற நம் நாட்டு மாணவர்களும், அவர்களுள் தமிழர்களும், நிலத்தடியில் அஞ்சிக் கிடந்தனர். ‘ஆபரேஷன் கங்கா’ என்னும் ஏற்பாட்டினால் இந்திய மாணவர்கள் தாயகம் திரும்பினர். திரும்பிச் செல்ல வேறு தாயகம் இல்லாதவர்கள் அங்கேயே நின்றனர். பள்ளிகளிலும் நூலகங்களிலும் பெண்களும் முதியோரும் படைவீரர்களுக்கு மறைப்பு வலைகள் பின்னினர். செர்னீகிவ் வட்டாரத்தில் இடிந்த வீடுகளின் கற்குவியல்களை அகற்ற, நகரத்து இளைஞர்கள் கூட்டமாக வந்தனர். அந்தப் பணிக்கும் அவர்கள் வைத்த பெயர் தொலோகா என்பதே! அவ்வாண்டிலேயே, உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் உக்ரேனியரின் போர்ஷ் சமைக்கும் வழக்கத்தை யுனெஸ்கோ சேர்த்தது.

நேயர்களே, ஆபத்து நேர்ந்த அன்று அந்த ஒற்றுமை புதிதாகப் பிறக்கவில்லை. கிழங்கு தோண்டிய நாட்களிலும், மண ரொட்டி சுட்ட இரவுகளிலும், வாசல் பலகையில் பேசிய மாலைகளிலும் சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு அது. சொந்த ஊரை விட்டு, வேற்று மொழி வழங்கும் நகரங்களில் குடியேறி வாழும் நமக்கு, அண்டை வீட்டாரே முதல் உறவினர். அவர்கள் கதவைத் தட்ட நமக்கு ஓர் ஆபத்து வரும் வரை காத்திருக்க வேண்டுமா? ஒரு கிண்ணம் குழம்போடு நாளையே தட்டலாம் அல்லவா?