ஆறு விநாடியில் நழுவிய வெற்றி

நடுவர் தடுமாறும்போது ஒரு குழுவினர் என்ன செய்வார்கள்?

2012 ஆகஸ்டு 6, லண்டன் ஒலிம்பிக் மகளிர் காற்பந்து அரையிறுதி. மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபர்ட் அரங்கில் கிறிஸ்டின் சின்க்ளேர் அடித்த மூன்று கோல்களால் கனடா 3-2 என அமெரிக்காவை முந்தி நின்றது. ஆட்டம் முடியச் சுமார் பத்து நிமிடமே இருந்தது. அப்போது, கோல்காவலர் எரின் மெக்லியோட் பந்தை ஆறு விநாடிக்கு மேல் வைத்திருந்தார் என்று நார்வே நடுவர் கிறிஸ்டினா பெடர்சன் விசில் ஊதினார். அமெரிக்காவின் எப்பி வம்பாக் நடுவர் காதில் விழும்படி விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தாராம், கெட்டிக்காரத்தனம்தான்!

சட்டப்புத்தகத்தில் அந்த விதி இருந்தது உண்மை. ஆனால், நடுவர்கள் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. ஓர் அரையிறுதியில், அந்த நேரத்திலா அதைத் தூசி தட்டி எடுப்பது? கிடைத்த ஃப்ரீ கிக் ஒரு கனடா ஆட்டக்காரரின் கையில் பட, பினால்டி. வம்பாக் கோலடித்தார். கூடுதல் நேரத்தில், 123வது நிமிடத்தில் அலெக்ஸ் மோர்கன் தலையால் முட்டி 4-3 ஆக்கினார்.

2025 ஜூலை முதல் அந்த விதியே மாறிவிட்டது. இப்போது எட்டு விநாடி. மீறினால் கார்னர் கிக் மட்டுமே.

ஆட்டத்திற்குப் பின் நடுவரிடம் நடந்துகொண்ட விதத்திற்காகச் சின்க்ளேருக்கு நான்கு ஆட்டத் தடை விழுந்தது. கோபம் நியாயமானதே, ஆனாலும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. திடலில் மட்டும் கனடா குலையவில்லை. மூன்றே நாளில் பிரான்சின் தாக்குதல்களையெல்லாம் தாங்கி நின்று, காயநேரத்தில் டயானா மேத்தசன் அடித்த ஒரே கோலால் வெண்கலத்தை வென்றது.