வாசலில் ஒரு தடி



இமயமலையில் உத்தராகண்ட் மாநிலம் இருக்கிறது. அங்கே பௌரி கட்வால் மாவட்டத்தில் உஃப்ரைங்கால் என்று ஓர் ஊர். அந்தப் பக்கத்துப் பெண்கள் வளர்த்த காட்டைப் பற்றி இன்று பேசலாம்.

மலையில் பெண்களுக்கு வேலை அதிகம். விறகு, மாட்டுக்குத் தழை, குடிக்கத் தண்ணீர், மூன்றையும் அவர்களே சுமக்கிறார்கள். காடு அழிந்தால் நடை கூடும். ஊற்று வற்றும். ஆகவே மரம் நட வேண்டும். எந்த மரம்?

பைன் மரத்துக்கு ஊசி போன்ற இலை. நெட்டையாக வளரும். ரயில் பாதைக் கட்டைக்கும் பிசினுக்கும் உதவும் என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே இதை வளர்த்தார்கள். அதுவும் அந்த மலையின் மரம்தான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது மட்டுமே நின்றால் தொல்லை. அதன் இலையை மாடு தின்னாது. கோடையில் சருகு சட்டென்று தீப்பிடிக்கும்.

பாஞ்ச் என்பது ஓக் மரத்தில் ஒரு வகை. மெதுவாகத்தான் வளரும். ஆனால் தழை மாட்டுக்கு ஆகும். விறகு நின்று எரியும். கொட்டையைக் கரடியும் பறவையும் தின்னும். உதிர்ந்த இலை மக்கி, மெத்தைபோல் படியும். மழைநீர் ஓடிவிடாமல் அதில் ஊறி மண்ணுக்குள் இறங்கும். ஊற்றுக்குத் தண்ணீர் அப்படித்தான் வருகிறது.

இன்னொரு விஷயம். பூமி சூடாவதற்குக் கரியமில வாயு ஒரு பெரிய காரணம். மரம் அந்த வாயுவை இழுக்கிறது. அதிலுள்ள கரியைக் கட்டையிலும் வேரிலும் சேர்க்கிறது. மக்கிய இலை வழியே மண்ணிலும் சேர்கிறது. காடு எரிந்தால், மரத்தில் சேர்ந்தது புகையாகத் திரும்பிவிடும். 2016-லும் 2024-லும் உத்தராகண்டில் பெரிய காட்டுத் தீ பரவியது. பைன் சருகு அதற்கு நல்ல தீனி.

சச்சிதானந்த பாரதி ஒரு பள்ளி ஆசிரியர். 1980-களில் அவரும் உஃப்ரைங்கால் பகுதிப் பெண்கள் குழுக்களும் சேர்ந்து நாற்று வளர்த்தார்கள். பாஞ்ச் முதலிய அகன்ற இலை மரங்களை நட்டார்கள். மழைநீர் தேங்கச் சரிவில் சின்னச் சின்னக் குழிகள் வெட்டினார்கள். நாளடைவில், வறண்டு கிடந்த ஓடையில் தண்ணீர் வந்தது. அதற்குக் காட் கங்கை என்று பெயர் வைத்தார்கள்.

நட்ட மரத்தைக் காப்பது யார்? அதற்குப் பெண்கள் ஒரு வழி செய்தார்கள். மணி கட்டிய தடி ஒன்று. காலையில் யார் வீட்டு வாசலில் தடி இருக்கிறதோ, அன்று காவல் அவள் முறை. தடியைத் தட்டிக்கொண்டு காட்டைச் சுற்றுவாள். தன் முறை முடிந்ததும் அதை அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவாள்.