அடியில் இருக்கும் வாயுவும் மேலே இருக்கும் மண்ணும்



மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு, முருக்கேரி பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "எங்க நிலத்துக்கு அடியில காஸ் இருக்குதுன்னு சொல்றாங்களே, கம்பெனிக்காரன் வந்து குத்தகைக்குக் கேட்டா கொடுக்கலாமா? என்ன விலை கேட்கலாம்?" இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கேள்வி வெறும் வாய்ப்பேச்சு அல்ல. 2018 அக்டோபரில் மத்திய அரசு நாடு முழுவதும் 55 தொகுதிகளை எண்ணெய், எரிவாயு தேட ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது. அதில் 41 தொகுதிகள் வேதாந்தா நிறுவனத்துக்குப் போயின. மரக்காணத்தில் தொடங்கித் தெற்கே கடலூர் வரைக்கும் கரையையும் கடலையும் சேர்த்த தொகுதி அவற்றில் ஒன்று. காரைக்கால், நாகப்பட்டினம் பக்கம் இன்னொன்று. இரண்டிலும் சேர்த்து 274 கிணறுகள் தோண்ட அந்த நிறுவனம் அனுமதி கேட்டது. 2019 ஜூன் 23-ஆம் தேதி மரக்காணத்திலிருந்து இராமேஸ்வரம் வரைக்கும், ஏறக்குறைய 600 கிலோமீட்டருக்கு, மக்கள் கைகோத்து நின்று எதிர்ப்புக் காட்டியதும் இதற்காகத்தான். உங்களில் சிலரே அந்த வரிசையில் நின்றிருப்பீர்கள்.

சரி, விலைக்கு வருவோம். அமெரிக்காவில் மகனோ மருமகனோ இருக்கிறவர்கள் ஒரு கதை கேட்டிருப்பார்கள். அங்கே பல இடங்களில் நிலத்துக்காரனே அடியில் இருக்கும் வாயுவுக்கும் சொந்தக்காரன். கம்பெனி கையெழுத்துக்கு ஒரு தொகை கொடுக்கும். பிறகு எடுக்கிற வாயுவில் எட்டில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அவனுக்குக் கொடுக்கும். அதைக் கேட்டுவிட்டு நம்மவர்களும் கணக்குப் போடுகிறார்கள். நம் நாட்டில் அது செல்லாது. பெட்ரோலியமும் எரிவாயுவும் இங்கே அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. 1948-ஆம் ஆண்டு எண்ணெய் வயல்கள் சட்டப்படி உரிமமும் குத்தகையும் அரசுதான் தருகிறது. தரையில் எடுக்கும் வாயுவுக்கான உரிமைத்தொகை மாநில அரசின் கஜானாவுக்குப் போகிறது. பட்டாதாரர் பெயருக்கு அதில் ஒரு காசு கிடையாது.

அப்படியானால் உங்களிடம் கொடுக்க என்ன இருக்கிறது? மேல்மண், பாதை, தண்ணீர் ஆகியவைதான். கம்பெனிக்குக் கிணறு தோண்ட நான்கைந்து ஏக்கர் தட்டையான இடம் வேணும், லாரி வர ரோடு வேணும், தண்ணீர் வேணும். இதற்காகத்தான் உங்கள் வாசலுக்கு வருவார்கள். ஆகவே "எவ்வளவு வாயு கிடைக்கும்" என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. அவர்கள் போன பிறகு இந்த மண்ணில் மல்லாட்டை விளையுமா என்றுதான் யோசிக்கணும்.

புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷங்களுக்கு முன்பு அங்கே ஓ.என்.ஜி.சி. விவசாயிகளிடம் நிலத்தைக் குத்தகைக்கு வாங்கிச் சோதனைக் கிணறுகள் போட்டது. மண்ணெண்ணெய் எடுக்கப் போவதாகத்தான் எங்களுக்குச் சொன்னார்கள் என்று ஊர் மக்கள் பிற்பாடு சொன்னார்கள். 2017 மார்ச்சில் பார்த்தால், அந்த வயலை எடுத்து நடத்தும் ஒப்பந்தம் ஜெம் லேபரட்டரீஸ் என்ற வேறொரு நிறுவனத்துக்குப் போயிருந்தது. நிலம் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டது ஒருவருக்கு, வந்து நிற்கப் போகிறவர் இன்னொருவர்! ஊரே திரண்டு போராடியது, வேலை நடக்கவில்லை. அது வேறு கதை. நமக்கு அதிலிருந்து வேண்டியது ஒரே ஒரு வரி: "நிலச் சொந்தக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் இந்தக் குத்தகையை வேறு யாருக்கும் மாற்றக் கூடாது." இந்த வரி பத்திரத்தில் இல்லையென்றால் பேனாவை எடுக்காதீர்கள்.

பத்திரம் என்று சொன்னதும் இன்னொன்று. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்யணும். வெள்ளைத் தாளிலோ இருபது ரூபாய் முத்திரைத் தாளிலோ எழுதி வாங்கிக்கொண்டு, "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். நாளைக்குக் கோர்ட்டில் அந்தத் தாள் நிற்காது. தமிழில் எழுதச் சொல்லுங்கள். இங்கிலீஷில் இருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். அண்ணன் தம்பி கூட்டுப் பட்டாவாக இருந்தால் எல்லோரும் உட்கார்ந்து பேசின பிறகுதான் மற்றது.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். நம் கரையோர மணலும் களியும் கலந்த நிலத்தில் மேல் ஒரு அடி மண்தான் உயிர். கிணறு போடுகிறவர்கள் முதலில் கிராவல் கொட்டி மேடாக்கி, கனமான எந்திரங்களை ஏற்றுவார்கள். மண் இறுகிப் போகும். தோண்டும்போது களிமண் குழம்பும் ரசாயனமும் கலந்த சேற்றைக் குழாயில் சுற்ற விடுவார்கள். அடியிலிருந்து வாயுவோடு உப்புத் தண்ணீரும் வரும். அதற்கெல்லாம் பக்கத்திலேயே குழி வெட்டுவார்கள். ஆகவே வேலை தொடங்குமுன் மேல்மண்ணை வழித்துத் தனியாகக் குவித்து வைப்பது, குழிக்குக் கசியாத விரிப்புப் போடுவது, கடைசியில் சேற்றையும் கிராவலையும் ஊரை விட்டே எடுத்துப் போவது, கிணற்றை சிமெண்டால் அடைப்பது ஆகிய நான்கும் பத்திரத்தில் இருக்கணும். செய்யாவிட்டால் எடுத்துக்கொள்ள முன்பணமும் பிடித்து வைக்கணும். மண் பரிசோதனையும் கிணற்றுத் தண்ணீர் பரிசோதனையும் முதல் நாளே எடுத்து, அந்தச் சீட்டைப் பத்திரத்தோடு கோத்து வையுங்கள். அது இல்லாவிட்டால், "உங்க தண்ணி முன்னாடியே உப்புதானே" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கடற்கரை ஓரத்தில் இது சுலபமாகச் சொல்லக்கூடிய சாக்கு.

லாரிப் பாதை சின்ன விஷயமாகத் தெரியும். நம் பக்கத்தில் அது சின்ன விஷயமே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுத் தண்ணீரெல்லாம் கழுவெளிக்கு வடிந்து, எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. நடுவில் ஆளுயரத்துக்கு ரோடு போட்டால் மேலண்டை வயல் முழுகும். கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தப் பாதுகாப்பு ஏரிக்குத்தான். உங்கள் பட்டா நிலத்துக்குத் தானாக வந்துவிடாது.

அதே மாதிரிதான் வேளாண் மண்டலமும். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கானது. கடலூர் மாவட்டத்தில் சில ஒன்றியங்களோடு அது நின்றுவிடுகிறது. விழுப்புரம் மாவட்டம் அதில் இல்லை. அதே 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியை மாற்றி, தேடிப் பார்க்கும் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டாம் என்றும் ஆக்கிவிட்டது. கூட்டம் போடுவார்கள், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று சும்மா இருந்தால், பேச இடமே இல்லாமல் போகலாம். என் அபிப்பிராயத்தில் இது விவசாயிக்கு நியாயமான மாற்றம் அல்ல.

உப்பளத்துக்காரர்கள் நிலைமை இன்னும் சிக்கல். அளத்தில் பெரும் பகுதி அரசாங்க நிலம், குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறோம். நாம் வேறொருவருக்கு உள்குத்தகை விட முடியாது. நிலம் போனால் வாடகையும் அரசுக்குத்தான். பாத்தி கட்டினவருக்கும், உப்பு வாருகிற பெண்களுக்கும் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்க வேண்டியது சங்கத்தின் வேலை. பாத்திக்கு வரும் உப்புநீரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டால் அந்த உப்பை எந்த வியாபாரி எடுப்பான்?

நிலத்தைக் கேட்காமல் குழாய் பதிக்க மட்டும் இடம் கேட்டால், அதற்குச் சட்டம் வேறு. 1962-ஆம் ஆண்டுக் குழாய்ப் பாதைச் சட்டத்தில் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். பயன்படுத்தும் உரிமை மட்டும் போகும். அந்தத் துண்டில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. பனையும் சவுக்கும் வைத்துப் பிழைக்கிற நமக்கு இது பெரிய கட்டுப்பாடு. பயிர்ச் சேதத்தோடு நிலத்தின் சந்தை விலையில் 10 சதவீதம் நஷ்டஈடு என்கிறது சட்டம். போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். ஆனால் "குழாயே வேண்டாம்" என்று தடுப்பது கஷ்டம். மேற்கு மாவட்டங்கள் ஏழில் கெயில் குழாயை விளைநிலத்தை விட்டுச் சாலையோரமாகக் கொண்டு போகச் சொல்லி மாநில அரசே 2013-இல் முடிவெடுத்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

குழாய் பழசானால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். கோதாவரிக் கரையில் நகரம் என்ற ஊரில் 2014 ஜூன் 27-ஆம் தேதி விடியற்காலை அரித்துப் போன குழாய் வெடித்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், தென்னந்தோப்பு கருகியது. கும்பகோணம் பக்கம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30-இல் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் இரும்பை என்ன செய்யும் என்று மரக்காணத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கொடுக்கவே மாட்டேன் என்று சொல்லலாமா? குத்தகை என்பது உங்கள் சம்மதத்தால் மட்டுமே நடப்பது, தாராளமாகச் சொல்லலாம். தனியார் கம்பெனிக்காக அரசு நிலம் எடுப்பதென்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்கணும். கொடுப்பதாக இருந்தால் விற்காதீர்கள், குறுகிய காலக் குத்தகையோடு நிறுத்துங்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வாடகை உயரட்டும்.

குழாய் அறிவிப்பு வந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். அறிவிப்புத் தேதியிலிருந்து 21 நாளுக்குள் உரிய அதிகாரியிடம் எழுத்து மூலமாக ஆட்சேபணை கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனு எழுத ஆள் இல்லையென்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே வக்கீல் உதவி இலவசம். போகும்போது சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, பயிர் நிற்கிற போட்டோ எல்லாம் கையில் இருக்கட்டும்.