காமாவுக்கு கிரேஸ் மார்க் வேண்டாம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"இன்ஜினியர்தானே, பாலத்தைப் பற்றி ஏதாவது பேசு" என்றார் செயலாளர். பாலமும் வரும். ஆனால் நான் பேச வந்தது ஒரு மல்லரைப் பற்றி. எங்கள் விடுதியில் ஒரு ராத்திரி ஆரம்பித்து, இன்றுவரை தீர்ப்பு வராத வழக்கு அது.

அன்று டி.வி.யில் ஆறரை அடி, ஏழடி ஆட்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சொன்னான்: "லேய், இவனுவள எல்லாம் நம்ம காமா தூக்கி எறிஞ்சிருப்பாரு, பாத்துக்க." என் அறைத்தோழன் விடவில்லை. "அஞ்சே முக்கால் அடிகூட கிடையாது. அவரு யாரைச் சாய்ச்சாரு? பேரைச் சொல்லு பாப்போம்." நான் காமா கட்சி. "அந்த உயரத்துக்கு அவர் செய்தது எவ்வளவு பெரிசு தெரியுமா?" என்று மேசையைத் தட்டினேன். அந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காமா பயில்வான் 1878இல் பிறந்தவர். மல்லர் குடும்பம். உயரம் சுமார் 5 அடி 7 அங்குலம். எடை லண்டன் போன காலத்தில் சுமார் 200 பவுண்டு, அதாவது 90 கிலோ. இன்றைய குத்துச்சண்டைக் கணக்கில் ஹெவிவெயிட் என்ற வீட்டின் வாசற்படியில் நிற்கிற எடை. 1910இல் லண்டன் போனபோது, ஆள் கட்டை என்று போட்டியில் சேர்க்கத் தயங்கினார்கள். அவர் எந்த எடைக்காரரும் வரலாம் என்று பகிரங்கமாகச் சவால் விட்டார். அமெரிக்காவின் டாக்டர் ரோலர் வந்தார், தோற்றார். பிறகு 1910 செப்டம்பர் 10 அன்று போலந்து நாட்டு பிஸ்கோ. காமாவைவிடச் சுமார் 50 பவுண்டு கூடுதல் எடை.

இனி எதிர்க்கட்சி வாதம். அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, அந்த பிஸ்கோ சண்டை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நடந்தும் டிரா. இரண்டு, அக்காலத்துப் பெரிய பெயர்களான ஃபிராங்க் காட்ச், ஹாக்கன்ஷ்மிட் இருவரோடும் காமா மோதவே இல்லை. மூன்று, 5,000 சண்டையில் தோல்வியே இல்லை என்கிறார்கள். எந்த ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறது?

இதே வழக்கு குத்துச்சண்டையிலும் உண்டு. ராக்கி மார்சியானோ 85 கிலோ அளவில் இருந்துகொண்டு ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். இன்றைக்கு என்றால் அவரை ஒரு படி கீழே குரூசர்வெயிட்டில் நிறுத்துவார்கள். 49 சண்டை, 49 வெற்றி. ஆனாலும், "1951இல் ஜோ லூயிஸை வென்றாரே, அப்போது லூயிஸுக்கு வயசு 37 அல்லவா?" என்று இன்றும் கேட்கிறார்கள். சின்ன ஆள் ஜெயித்தால், எதிராளியின் வயசுச் சான்றிதழைக் கேட்பது உலக வழக்கம் போலும்.

நமக்கு இதற்கு நேர்மாறான பலவீனம். வர்ம ஆசான்மார் கதை கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. ஒல்லி ஆசான் ஒற்றை விரலால் தடியனைச் சாய்த்தார் என்றால், யார், எப்போது என்று கேட்காமலே கை தட்டிவிடுவோம். நானும் காமாவுக்கு அப்படித்தான் கை தட்டினேன்.

அது எப்போது மாறியது? படிப்பு முடித்து முதல் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். நன்றாகவே பதில் சொன்னேன். கேள்வி கேட்டவர் முகம் மலர்ந்து, "அந்தக் கடைசி மூலையில் இருக்கிற காலேஜுக்கு இது பரவாயில்லையே!" என்றார். பாராட்டுதான். ஆனால் திரும்பி வரும்போது, ரயில் வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் தெரிகிற வரைக்கும் அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. 'அந்த உயரத்துக்கு' என்று நான் காமாவைப் புகழ்ந்ததும் இதே புகழ்ச்சிதானே என்று அங்கேதான் உறைத்தது.

இப்போது பாலத்துக்கு வருகிறேன். பாலத்தின் மேல் பாரம் ஏற்றிச் சோதிக்கிறபோது, "தூண் ஒல்லியாச்சே, பாவம்" என்று யாரும் கூடுதல் மதிப்பெண் போடுவதில்லை. எவ்வளவு பாரம் ஏற்றினோம், எவ்வளவு வளைந்தது, இறக்கியபின் எவ்வளவு நிமிர்ந்தது, இவ்வளவுதான் கணக்கு. ஏற்றாத பாரத்துக்குச் சான்று கொடுக்க மாட்டோம். அதே சமயம், ஏற்றாத காரணத்தால் பாலம் மோசம் என்றும் எழுத மாட்டோம்.

இந்த அளவுகோலைக் காமாவுக்கு வையுங்கள். 1910இல் பிஸ்கோ பெரும்பாலான நேரம் குப்புறப் படுத்து விரிப்பைப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளினார். ஆனாலும் டிரா டிராதான். அரை மதிப்பெண்ணே போடுவோம். ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 17இல், மறுபடி மோத வேண்டிய நாளில் பிஸ்கோ வரவில்லை. காமா வந்து நின்றார், பெல்ட் அவருக்குக் கிடைத்தது. 1928இல் பாட்டியாலாவில் மீண்டும் சந்தித்தார்கள். ஒரு நிமிஷத்துக்குள் பிஸ்கோ விழுந்தார். அவருக்கு அப்போது வயசாகிவிட்டது என்பீர்கள். காமாவும் ஐம்பதை நெருங்கியவர்தான்! சொந்த மண், பழகிய களம் என்ற சலுகையை வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள். உள்நாட்டில், ஏழடியை நெருங்கிய ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவோடு பல தடவை டிரா செய்து, கடைசியில் அலகாபாத்தில் வென்றார். இவை ஏற்றிப் பார்த்த பாரங்கள்.

காட்ச், ஹாக்கன்ஷ்மிட்? காமா அழைத்தார், சண்டை அமையவில்லை. அந்த இரண்டு கட்டங்களும் காலி. பூஜ்யம் அல்ல, காலி. 5,000 என்ற கணக்கை நான் சேர்க்கவே இல்லை.

ஆக, என் தீர்ப்பு: எல்லாக் காலத்திலும் தலைசிறந்தவர் என்ற சான்றிதழில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் அவர் காலத்து மல்லர்களில் முதல் வரிசை. உயரத்துக்காக ஒரு கிரேஸ் மார்க்கூடச் சேர்க்காமலே முதல் வரிசை.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களிடமும் யாராவது "அந்த ஊருக்கு இது பரவாயில்லை" என்பார்கள். கோபப்பட வேண்டாம். "ஊரைக் கழித்துவிட்டு வேலையைப் பாருங்கள் சார்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல ஒரு தகுதி வேண்டும். சொன்ன நாளில் களத்தில் வந்து நிற்க வேண்டும், காமா மாதிரி.

என் அறைத்தோழன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறான். மக்கா, உன் வாதத்தில் பாதியை இன்று மேடையிலேயே ஒப்புக்கொண்டேன். மீதியைச் சாப்பாட்டுப் பந்தியில் பேசிக்கொள்வோம்.