பாய்மரத்தின் பெயர் கொண்ட ஊர்

ஐஸ்லாந்துத் தீவின் வடகரையில் சிக்லுபியர்துர் என்றொரு மீன்பிடி ஊர் இருக்கிறது. அந்நாட்டு மொழியில் 'சிக்லா' என்றால் பாய்மரம். 'பியர்துர்' என்றால் மலைகளுக்கிடையே நீண்டு புகுந்திருக்கும் கடற்கழி. பாய்மரத்தின் பெயரைத் தாங்கிய அவ்வூருக்குப் பாய்மரப் படகிலேயே சென்று சேரும் பேறு ஒரு கோடையில் எனக்கு வாய்த்தது.

படகு நண்பருடையது, சென்றவர் மூவர். அக்குரெய்ரி நகரிலிருந்து காலையில் புறப்பட்டு, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கழி வழியே வடக்கு நோக்கிச் சென்றோம். ஜூலை மாதத்திலும் இருபுறத்து மலைகளிலும் பனி வரிவரியாகப் படிந்திருந்தது. ஹிரிசே தீவைக் கடந்து திறந்த கடலை அடைந்ததும் வாடைக் காற்று முகத்தில் அறைந்தது. பின்னர் மூடுபனி சூழ்ந்தது. கரையும் மறைந்தது, படகின் முனையும் மங்கிற்று. அலை பாறையில் மோதும் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் நாங்கள் ஊர்ந்த பொழுது, உயிரோடு கரையேறுவோமா என்ற ஐயம் எனக்கு எழாமல் இல்லை. சிக்லுநேஸ் முனையின் கலங்கரை விளக்கம் பனியினூடே தெரிந்தபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை.

துறையை அடைந்தபோது இரவு மணி பதினொன்று. ஆயினும் வானில் வெளிச்சம் குன்றவில்லை. கரைக்குக் கயிறு எறியும் பொறுப்பு என்னுடையது. குளிரில் விரல்கள் மரத்திருந்தன. கயிறு நீரில் விழுந்தது. மறுமுறையும் விழுந்தது. அதற்குள் அருகிலிருந்த வீட்டிலிருந்து முதியவர் ஒருவர் செருப்புக் காலோடு ஓடி வந்து, மூன்றாம் முறை எறிந்த ஈரக் கயிற்றை எட்டிப் பிடித்தார். நாங்கள் யார், எந்த நாட்டினர் என்று அவர் வினவவில்லை. "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. சற்று நேரத்தில் அவர் வீட்டு அடுக்களையில் சூடான மீன் சாறும் காப்பியும் எங்கள் முன் இருந்தன.

இத்தகைய அன்புக்குக் காரணம் கேட்டேன். "வாடை வீசினால் கப்பல்கள் இங்கேதான் ஒதுங்கும். ஒதுங்கியவனை ஊர் பேர் கேட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது?" என்றார் அவர்.

அவர் சொன்னதன் பொருள் மறுநாள்தான் எனக்கு விளங்கிற்று. 1903 இல் நார்வே நாட்டவர் இங்கு வந்து, நம் மத்தி மீனின் இனத்தைச் சேர்ந்த ஹெர்ரிங் மீனை உப்பிட்டுப் பீப்பாயில் அடைக்கும் தொழிலைத் தொடங்கினர். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஹெர்ரிங்கே இவ்வூரின் செல்வம். கோடைதோறும் நூற்றுக்கணக்கான படகுகள் கூடின. நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் இளம் பெண்கள் உப்பிட வந்தனர். படகு வந்துவிட்டால் நள்ளிரவாயினும் சன்னல்களைத் தட்டி அவர்களை எழுப்புவார்கள். பீப்பாய் ஒன்று நிறைந்ததும் ஒரு தகட்டு வில்லையை அவளது காலணிக்குள் போடுவார்கள். அந்த வில்லைகளே கூலிக் கணக்கு. 1940களின் இறுதியில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கு வாழ்ந்தனர்.

பின்னர் கடலுக்குள் மீன் கூட்டத்தைக் கண்டறியும் சோனார் கருவியும், பெருவலையை இழுக்கும் பொறியும் வந்தன. 1966 இல் வட அட்லாண்டிக்கில் பல நாட்டினரும் சேர்ந்து பிடித்த இந்த ஹெர்ரிங் ஏறக்குறைய 20 லட்சம் டன். கடல்நீரும் குளிர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மீன் இல்லாது போயிற்று. குளிர்காலத்தில் கடலையன்றி வேறு வாயில் இல்லாத இவ்வூருக்கு 1967 இல்தான் மலையைக் குடைந்து சாலை அமைத்தார்கள். ஊரார் காலமெல்லாம் வேண்டிநின்ற அந்தச் சாலை வந்த சமயத்திலேயே மீன் போயிற்று. அந்தச் சாலை வழியே பலரும் பிழைப்புத் தேடி வெளியேறினர். இன்று இங்குள்ளோர் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பேர்.

எஞ்சியவர்கள் இடிந்து கிடந்த உப்பளக் கூடங்களைச் செப்பனிட்டனர். பெண்கள் தங்கியிருந்த, 1907 இல் கட்டிய விடுதி, 1994 இல் அருங்காட்சியகமாயிற்று. அங்கே, இளமையில் உப்பிட்டவரான மூதாட்டி ஒருவரைக் கண்டேன். பீப்பாய்க்குள் குனிந்து, வயிறு மேல்நோக்க மீனை வரிசையாக அடுக்கி, வரிசைக்கு வரிசை உப்பைத் தூவிக் காட்டினார். அவருடைய கை ஒரு கணமும் தயங்கவில்லை.

"மீன் போனதற்கு யாரை நொந்துகொள்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "காலணியில் எத்தனை வில்லை என்று எண்ணினேன். கடலில் எத்தனை மீன் என்று எண்ணவில்லை. நான் மட்டுமா? ஒருவரும் எண்ணவில்லை."

குற்றத்தைப் பிறர்மேல் சுமத்தாத அந்தச் சொல் என்னைத் தலைகுனிய வைத்தது. 1972 இல் ஐஸ்லாந்து தன் கரையோர ஹெர்ரிங்கைப் பிடிக்கத் தடை விதித்து, பின்னர் அளவு வகுத்தே பிடிக்க அனுமதித்தது. எண்ணக் கற்றுக்கொள்ள அவ்வளவு இழக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் காற்று தெற்கே திரும்பியது, புறப்பட்டோம். செல்வம் போனால் விருந்தோம்பலும் போய்விடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவ்வூரார் மீனை இழந்தார்கள்; ஒதுங்க வருபவனுக்குக் கை நீட்டும் வழக்கத்தை இழக்கவில்லை. முதியவர் அன்றும் துறைக்கு வந்தார். கயிற்றை அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, ஒரு முனையும் நீரில் படாதவாறு என் கைக்கே எறிந்தார்.