தெருக்காரர்களின் படம்



அமெரிக்காவில் பஃபலோ என்று ஒரு நகரம். அங்கே மில்ட்டன் ரோகோவின் என்பவர் இருந்தார். கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி கொடுப்பது அவர் தொழில். 1957-இல் அவரைக் கம்யூனிஸ்டு என்று நாடாளுமன்றக் குழு விசாரித்தது. கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். அவர் கேமராவைக் கையில் எடுத்தார்.

கடைக்கு அருகே ஏழைகளின் தெருக்கள். கறுப்பின மக்கள், போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர்கள், இத்தாலியர்கள், அந்த நாட்டுப் பழங்குடியினர், எல்லோரும் அங்கே கலந்து வாழ்ந்தார்கள். 1972-இல் அவர் படம் எடுக்கப் போனார். போலீஸ் ஆளோ என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். இருக்காதா பின்னே? படம் எடுக்க வருகிறவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். படத்தில் இருப்பவர் கண்ணுக்கு அது அகப்படாது. நம் ஊரிலும் அப்படித்தானே?

ரோகோவின் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. "இப்படி நில்லுங்கள், சிரியுங்கள்" என்று சொல்லவும் இல்லை. எப்படி நிற்பது என்பது அவரவர் இஷ்டம். அவருடைய கேமராவில் குனிந்துதான் பார்க்க வேண்டும். எதிரே நிற்பவர் முன் அவர் தலை தாழ்ந்தே இருக்கும்.

1984-இல் பழைய படங்களோடு மறுபடி வந்தார். "இவர் எங்கே இருக்கிறார்?" என்று விசாரித்துத் தேடினார். மனைவியும் கூடவே வந்தார். 1992-இலும் 2000-இலும் அப்படியே. முதல் படத்தில் சின்னப் பிள்ளை, நாலாவது படத்தில் வளர்ந்த ஆள்!

அன்று அவரை விசாரித்த நாடாளுமன்றத்துக்கு ஒரு பெரிய நூலகம் உண்டு. 1999-இல் அது அவருடைய படங்களைச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தெருக்காரர்களின் முகங்கள் இப்போது அங்கே இருக்கின்றன.