ஆற்றங்கரை அளவுகோல்



எங்கள் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ராயா ஆறு மலையிலிருந்து இறங்கி வருகிறது. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலையில் பெய்த மழையோ கலங்கல் தண்ணீராய் வந்து சேரும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டால் ஒருவர் முழங்கால் என்பார், மற்றவர் இடுப்பு என்பார். யாருடைய இடுப்பு?

இதற்காகத்தான் ஆறுகளிலும் கால்வாய்களிலும் அளவுகோல் நடுகிறார்கள். நம் நாட்டில் இது 1932-இல் தொடங்கிய வடிகால் நீர்ப்பாசனத் துறையின், அதாவது ஜே.பி.எஸ்.-இன் வேலை. எகிப்தில் நைல் நதி நீரை அளக்க 861-ஆம் ஆண்டில் கெய்ரோவில் நிறுத்திய பளிங்குத் தூண் இன்றும் நிற்கிறது.

எல்லா ஊரிலும் பளிங்கு நட முடியுமா? மரப்பலகையில் சாயம் பூசினால் சில மழைக்காலத்தில் உரிந்துவிடும். வெறும் இரும்பு துருப்பிடிக்கும். நல்ல கோல் எனாமல் பூசிய எஃகுத் தகடு. பால் மரத்தில் கட்டும் பீங்கான் மங்கைப் பாருங்கள்; வெயிலிலும் மழையிலும் கிடந்தும் அதன் பளபளப்பு போவதில்லை. மேலே கண்ணாடிப் பூச்சு இருப்பதுதான் காரணம். தகட்டிலும் அப்படியே, கண்ணாடித் தூளைச் சுமார் 800 டிகிரி வெப்பத்தில் உருக்கிப் படிய வைக்கிறார்கள். பாசி பிடித்தால் தூரிகையால் தேய்த்தால் போதும். ஆனால் கல்லால் அடித்துப் பூச்சு பெயர்ந்தால், அந்த இடத்தில் துரு நுழைந்துவிடும். பிள்ளைகள் குறிபார்த்துக் கல்லெறிவதற்கு வேறு இடம் காட்டுங்கள்.

தகடு கெட்டியாய் இருந்தால் மட்டும் போதாது. நட்ட இடமும் அசையக்கூடாது. அடித்து வரும் மரக்கட்டை மோதிக் கோல் சாய்ந்தால், உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகையால் பாலத்தின் தூணிலோ கான்கிரீட் கரையிலோ பொருத்துவது நல்லது. ஆற்று மணல் ஏறும், இறங்கும். அதனால் மணலிலிருந்து கணக்கைத் தொடங்குவதில்லை. பல கோல்களில் உள்ள எண் கடல் மட்டத்திலிருந்து எண்ணிய மீட்டர். 37 என்று கண்டால் 37 மீட்டர் ஆழம் என்று பயந்துவிடாதீர்கள்.

ஒருமுறை பார்த்தது போதாது, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்குப் பார்த்ததைவிட நாலரைக்கு 30 சென்டிமீட்டர் கூடியிருந்தால், ஆட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்ட வேண்டிய நேரம் அது. அலையடித்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே உள்ள எண்ணை எடுங்கள். கோலைப் படிக்கத் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். எண்களைப் பெரிதாக எழுதியிருப்பதே தூர நின்று படிக்கத்தான்.